சொதிக்கு ஒரு மூக்கு

"உள்ள வரப்படாதுன்னு சொல்லுதேன், நீ பாட்டுக்கு..."

"வராம எப்படி? சொதி திரிஞ்சு போச்சுன்னா..."

"திரியாது."

"திரிஞ்சா?"

"திரியாதுங்கேன். முப்பது வருசமா இறக்குத சொதி. கண்ணைக் கட்டி விட்டாலும்..."

"கண்ணைக் கட்டி விட்டா இறக்கிருவிய. ஆண்டவன் மூக்கைல்லா கட்டிப் போட்டிருக்கான்."

"ஏட்டி, மெள்ளப் பேசு. சங்கரபாண்டி காதுல விழுந்துரப் போவுது."

ஆவுடையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் தேங்காய் துருவுகிற வேகத்தைத் தாழ்த்தவில்லை. அவளுக்கு முன்னால் ஒரு குன்று தேங்காய். பக்கத்தில் கைகளைப் பிசைந்தபடி அவள் புருஷன், கல்யாணச் சமையல்காரர், தென்காசித் தவசுப்பிள்ளை தாணுப்பிள்ளை. இருவருக்கும் பின்னால், கல்யாணச் சமையலுக்காகப் போட்ட கீற்றுக் கொட்டகை, ஆக்குப்புரை. அதற்கு அப்பால் குற்றாலத்து மலை, சாரலில் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, ஆனி மாதம்.

முந்தின நாள்தான் குற்றாலநாதர் சன்னதியில் நயினார் பிள்ளையின் மூத்த மகளுக்குத் தாலி ஏறியது. இன்றைக்கு மறுவீட்டுச் சொதி, தேங்காய்ப்பாலில் ஆக்குகிற குழம்பு. சொதியைப் பற்றிச் சைவப் பிள்ளைமார் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணச் சாப்பாட்டில் குறை இருந்தால் மன்னித்துவிடுவார்கள். மறுநாள் சொதியில் குறை இருந்தால் பேரப்பிள்ளை பிறந்து அதற்குக் காது குத்துகிறபோதும் சொல்லிக் காட்டுவார்கள்.

தாணுப்பிள்ளையின் மூக்கு போனது மாசி மாதம். விஷக்காய்ச்சல் அவரை இருபத்தோரு நாள் போட்டுப் புரட்டியது. இருபத்திரண்டாம் நாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் மிளகைத் தட்டிப்போட்டு, நெய்யில் சீரகம் தாளித்து, தெருவே மணக்க ஒரு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார்.

"என்னட்டி இது, வெந்நியா?"

"மொளகு ரசம்லா!"

"உறைக்குது. ஆனா ரசமா இல்லயே."

அவள் பெருங்காயக் கட்டியைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் புளியங்கொட்டையைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார். பிச்சிப்பூவை நீட்டினாள். மண்ணெண்ணெய் விளக்கை நீட்டினாள். கடைசியில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆவுடையம்மாள் கோவிலுக்குப் போனாள். உலகம்மையின் முன்னால் நின்று சண்டை போடத்தான் போனாள். போய் நின்றதும் சண்டை வரவில்லை. ஆளைத் திருப்பிக் கொடு என்றுதானே இருபத்தோரு நாளும் கேட்டோம், மூக்கோடு கொடு என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. அம்மை கேட்டதைக் கொடுத்துவிட்டாள். விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள்.

கும்பிட்டு என்ன, தொழில் நடக்க வேண்டுமே? ஒரு தவசுப்பிள்ளைக்கு நாக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பந்திக்குப் போகிற பண்டத்தை ஆக்குகிறவன் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. பார்த்தால் எச்சில். உப்பும் உறைப்பும் கையளவில் வந்துவிடும். பக்குவம் மூக்கில்தான். பருப்பு வெந்தது, மசாலா பச்சை போனது, நெய் முறுகியது எல்லாம் மணம் வந்து சொல்ல வேண்டும். தாணுப்பிள்ளை அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போடுவார், திடீரென்று திரும்பாமலே "இறக்குலே" என்பார். அதற்காகவே அவரைக் கூப்பிடுகிற வீடுகள் உண்டு.

மூக்கு போன சங்கதியை யாரிடமும் சொல்லாமல் வைகாசியில் வடகரைக்கு ஒரு சொதிக்குப் போனார். வந்த தேங்காயில் நாலைந்து கெட்டுக் காறிப்போயிருந்தன. அவருக்குத் தெரியவில்லை. பந்தியில் மாப்பிள்ளையின் மாமா முதல் கவளத்தை வாய்வரை கொண்டுபோய், திரும்ப இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "வடகரையில நின்னா எந்தப் பக்கம் பாத்தாலும் தென்னமரம். அங்கன போயி காறல் தேங்காயில சொதி வச்ச ஆளு நீருதான் வே" என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு தாணுப்பிள்ளை வீட்டு நடையை எந்தக் கல்யாணக்காரரும் மிதிக்கவில்லை.

நயினார் பிள்ளை மட்டும் பின்வாங்கவில்லை. அவர் தை மாதமே வெற்றிலை வைத்து ஆளைப் பேசியவர். வைத்த வெற்றிலையைத் திரும்பக் கேட்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

"வே தாணு, வடகரையில என்னமோ சொல்லுதானுவளே?"

"தேங்கா கொஞ்சம் காறிட்டு, அண்ணாச்சி."

"நம்ம வீட்டுல காறாதுல்லா?"

"காறாது, அண்ணாச்சி."

இதுதான் கடைசிக் கல்யாணம். இதிலும் சொதி கெட்டால், தாணுப்பிள்ளை தவசுப்பிள்ளை இல்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆகவே ஆவுடையம்மாள் தேங்காய் துருவுகிறவளாக வந்தாள். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, மசால் அரைப்பது எல்லாம் பெண்பிள்ளைகள் வேலை. ஆக்குப்புரைத் தட்டிக்கு வெளியே உட்கார்ந்து செய்ய வேண்டும். தட்டிக்கு உள்ளே அடுப்பு, அண்டா, ஆம்பிளை. முதல் நாள் அவள் ஒவ்வொரு தேங்காயாக உடைத்து மோந்து பார்த்து ஏழைத் தள்ளி வைத்தாள். கல்யாணத்துக்கு எடுத்திருந்த பங்களாவைச் சுற்றித் திரிந்த குரங்குகள் அதில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய், அவையும் மோந்து பார்த்துவிட்டுக் கூரைமேல் எறிந்தன. சாம்பார், அவியல், பச்சடி எல்லாம் அவருடைய கைப்பழக்கத்திலேயே ஒப்பேறிவிட்டன. சொதி அப்படி ஒப்பேறாது. காயும் பாசிப்பருப்பும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வெந்தபிறகு, முதல் பாலை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் பச்சை வாடை போய் ஒரு இனிப்பு மணம் வரும். அது வந்து ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் தீயை இழுத்துவிட வேண்டும். தவறினால் பால் திரிந்து எண்ணெயும் தண்ணீருமாய்ப் போய்விடும். நூறு பேர் சாப்பிடுகிற அண்டாவில், ஈர விறகின் புகையிலும் ஆவியிலும், அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"ஆக்குப்பெரைக்குள்ள பொம்பள வந்தா என்ன ஆகும்? கேக்குதேன், சொல்லுங்க."

"வழக்கம் இல்ல."

"ஏன் இல்ல?"

"ஏன்னா... மாசத்துல மூணு நாளு..."

"எனக்கு அது நின்னு நாலு வருசம் ஆச்சு. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்."

தாணுப்பிள்ளையின் காது மடல் சிவந்துவிட்டது. "காலங்காத்தால பேசுத பேச்சா இது?"

"பேச்சை எடுத்தது யாரு? நானா?"

"சரி, நீ வந்தா பாக்குதவன் என்ன நெனைப்பான்? தாணுப்பிள்ளைக்குப் பொண்டாட்டி வந்து அடுப்பு மூட்டிக் குடுக்குதான்னு சொல்ல மாட்டானா?"

இதுதான் விஷயம் என்று ஆவுடையம்மாளுக்கு அப்போது புரிந்தது. அவளும் மேலே இழுக்கவில்லை. மூக்கும் போய் மானமும் போய் மனுஷன் எங்கே போவார்?

"அப்பம் ஒண்ணு செய்வோம். தட்டி ஓரமா உக்காந்துக்கிடுதேன். கீத்து இடுக்குல மணம் வரும். மொதப் பால் ஊத்தலாம்னா செரட்டையில ரெண்டு தட்டு. தீயை இழுக்கணும்னா மூணு தட்டு. போதுமா?"

"ஒங்கப்பன் தந்தி ஆபீஸ்ல இருந்தானா?" என்றார். அவருக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

சம்பந்தி வீட்டுக்காரர்கள், ஆலங்குளத்துக்காரர்கள் அறுபது பேர், உடம்பெல்லாம் எண்ணெயோடு பேரருவிக்குப் போயிருந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிறவன் பசி எப்படி இருக்கும் என்று குற்றாலத்தில் சமைக்கிறவனுக்குத்தான் தெரியும். வரும்போது இலை போட்டிருக்க வேண்டும்.

உள்ளே அண்டா கொதித்தது. கையாள் சங்கரபாண்டி முதல் பால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"ஊத்தவா, அண்ணாச்சி?"

"பொறு."

"இன்னுமா?"

"பொறுலே."

"என்ன அண்ணாச்சி, தட்டியவே பாத்துக்கிட்டு நிக்கிய?"

"காத்து எப்படி அடிக்குதுன்னு பாக்குதேன். ஒனக்கென்ன?"

டொக், டொக்.

"ஊத்து!"

தட்டிக்கு வெளியே ஆவுடையம்மாள் கீற்றில் முகத்தைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சிரட்டை. பச்சைப் பால் வாடை வந்தது. இஞ்சியும் பச்சைமிளகாயும் அதோடு சேர்ந்து வந்தன. இனி அந்த மணம்தான் பாக்கி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவளின் முதுகில் ஒரு குளிர்ந்த அடி விழுந்தது. மலைக்காற்று திரும்பிவிட்டது. அவளுக்குப் பின்னாலிருந்து அடித்த காற்று, வந்துகொண்டிருந்த மணத்தையெல்லாம் அள்ளி உள்ளேயே தள்ளிவிட்டது. அவள் மூக்குக்குக் கிடைத்தது ஈர மண்ணும் நனைந்த வைக்கோலும்தான். தட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சிரட்டையை எப்போது தட்டுவது? தட்டினால் முன்னதாகிவிடுமோ, தட்டாவிட்டால் பிந்திவிடுமோ?

உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு இருமலும் இல்லை.

பிறகு, "ஆவுடை!"

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நாலு பேர் காது கேட்க அவர் அவள் பேரைச் சொன்னதில்லை.

"ஆவுடை! உள்ள வாட்டி!"

ஓடினாள். காலையில் அருவியில் முழுகி உடுத்த சேலை இன்னும் காயவில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, புகைக்குள் நுழைந்து, அண்டாவின் ஆவியில் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"இன்னும் இல்ல."

"இப்பம்?"

"பேசாதிய. இன்னும் இல்ல... இன்னும் இல்ல..."

சங்கரபாண்டி காலிக் குடத்தைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"இழுங்க!"

"தீயை இழுலே!"

இரண்டு ஆண்களும் குனிந்து எரிகிற விறகை இழுத்துப் போட்டார்கள். அண்டாவின் விளிம்பில் எழும்பிய நுரை ஒரு விரற்கடை உயர்ந்து, யோசித்து, அப்படியே அடங்கியது. சொதி வெள்ளை வெளேரென்று நின்றது. ஆவுடையம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"இங்கன என்ன நடக்குது?"

வாசலில் நயினார் பிள்ளையின் அக்காள் உலகம்மாச்சி நின்றாள். வெள்ளைச் சேலை, கையில் சாவிக்கொத்து, அந்தக் குடும்பத்தில் எல்லோரும் பயப்படுகிற ஒரே ஆள்.

"ஒண்ணுமில்ல ஆச்சி," என்று ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள். "தேங்காப்பால் குடுக்க வந்தேன். தடுக்கி விழப் போனேன், பிடிச்சாக. இந்தா, போயிட்டேன்..."

"பொய் சொல்லாத," என்றார் தாணுப்பிள்ளை.

"நீங்க சும்மா இருங்க."

"பொய் சொல்லாதங்கேன்." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஆச்சி, எனக்கு மணம் தெரியல. மாசியில காய்ச்சல் வந்ததுலேருந்து எந்த மணமும் தெரியல. வடகரைச் சொதியைக் கெடுத்தது நாந்தான், தேங்கா இல்ல. இன்னைக்குச் சொதிக்குப் பால் ஊத்தச் சொன்னதும் தீயை இழுக்கச் சொன்னதும் இவ."

சங்கரபாண்டி கையிலிருந்த குடம் கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

உலகம்மாச்சி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பொம்பள ஆக்குனதையா சம்பந்திக்குப் போடப் போறோம்?"

ஆவுடையம்மாளுக்கு இந்த நேரத்தில் சிரிப்பு வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. "ஆச்சி, மாப்பிள்ள பொறந்ததுலேருந்து தின்னதெல்லாம் யாரு ஆக்குனது?"

"அது வீடு. இது விசேஷம்."

"வயிறு ஒண்ணுதான ஆச்சி?"

"வாயைப் பாரு. ஏ நயினாரு! இங்கன வந்து பாரு கூத்தை!"

நயினார் பிள்ளை தலை துவட்டாமல் அருவியிலிருந்து நேரே வந்துகொண்டிருந்தார். வரும்போதே மூக்கை உயர்த்திக்கொண்டு வந்தார். அக்காள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தாணுப்பிள்ளையிடம் திரும்பினார்.

"சொதி திரிஞ்சிருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"பிறகென்ன? எனக்குப் பசி காதை அடைக்குது. எலையைப் போடச் சொல்லு."

"ஊரு சிரிக்கும்லே," என்றாள் உலகம்மாச்சி.

"சாப்பிட்டுட்டுச் சிரிக்கட்டும்க்கா."

மாப்பிள்ளையின் அப்பா மூன்று தடவை சொதி வாங்கினார். நாலாவது தடவை கேட்க வெட்கப்பட்டு, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையைக் கேட்கச் சொன்னார். கடைசிப் பந்தியில் உலகம்மாச்சி தனியாக ஒரு மணையில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நிதானமாக இரண்டு கை சோறு அதிகமாகவே சாப்பிட்டாள். எழுந்து கை கழுவும்போது, "உப்பு ஒரு கல்லு கூட" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு ஆவுடையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டு அந்த வாயிலிருந்து யாருக்கும் வந்ததில்லை.

எல்லாம் முடிந்து, தவசுப்பிள்ளைக்கு மரியாதை செய்கிற நேரம் வந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் ஒரு வேட்டி. தாணுப்பிள்ளை வாங்கிக் கண்ணில் ஒற்றி, திரும்பி, அப்படியே ஆவுடையம்மாள் கையில் வைத்துவிட்டார்.

"வே, அது வேட்டிலா," என்றார் நயினார் பிள்ளை. "பொம்பளைத் தவசுப்பிள்ளைக்கு என்ன வச்சுக் குடுக்கணும்னு எங்கப்பா எனக்குச் சொல்லித் தரலியே."

"நல்ல நைசா இருக்கு அண்ணாச்சி," என்றாள் ஆவுடையம்மாள், துணியை விரலால் நெருடிப் பார்த்து. "நாலாக் கிழிச்சா தேங்காப்பால் பிழிய ஆகும்."

அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் வில்வண்டியில் தென்காசிக்குத் திரும்பினார்கள். சாரல் விட்டு விட்டு விழுந்தது. இலஞ்சி தாண்டியதும் அவள் கேட்டாள்.

"என்ன, பேசாம வாரிய?"

"ஒண்ணுமில்ல."

இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"நீ மட்டும் இல்லன்னா..."

"இல்லன்னா?"

"ஒண்ணுமில்லங்கேன்லா."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பெண்டாட்டிக்கு நன்றி சொல்ல அவர் அப்பாவும் சொல்லித் தரவில்லை. சொல்லப் பார்த்தாரே, அது போதாதா? தூரத்தில் உலகம்மை கோவில் கோபுரம் இருந்த இடத்தில், என்றோ இடி விழுந்து சிதைந்த அடித்தளம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

சொதிக்கதை ஊருக்குள் அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். சாப்பிட்ட ஆலங்குளத்துக்காரர்கள் ஆவணியில் ஆள் அனுப்பினார்கள். முதலில் "தாணுப்பிள்ளையும் அவர் சம்சாரமும் வரணும்" என்று வெற்றிலை வந்தது. அடுத்த வருஷம் "தாணுப்பிள்ளை சம்சாரம் வருவாங்களா?" என்று வந்தது. அதற்கடுத்த வருஷம், "ஆவுடையம்மாளைப் பாக்கணும்" என்று நேராகவே கேட்டார்கள். சொதியோடு நிற்காமல் அவியல், புளிக்கறி, பாயசம் என்று ஒவ்வொரு அண்டாவாக அவள் கைக்கு வந்தது. யுத்தம் வந்து அரிசி தட்டுப்பாடாகி, முன்னூறு இலைக் கல்யாணமெல்லாம் எண்பது இலைக்குச் சுருங்கியபோதும் அவளைத் தேடி வருவது குறையவில்லை. சங்கரபாண்டியே ஒருநாள், "மதினி, எங்க வீட்டுல அவளும் சும்மாதான் இருக்கா" என்று தன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து ஆக்குப்புரைக்குள் விட்டான்.

தாணுப்பிள்ளை மெல்ல மெல்லத் தட்டிக்கு வெளியே வந்துவிட்டார். காய்கறியைப் பார்த்து வாங்குவார், அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்குவார். ஊறலெடுக்கும் என்று யாரும் தொட அஞ்சுகிற சேனைக்கிழங்கை, கையில் புளித்தண்ணீரைத் தடவிக்கொண்டு மலைபோல நறுக்கிக் குவிப்பார்.

"என்ன வே தாணு, உத்தியோகம் மாறிட்டு போல?"

"ஆமா வே. மேலதிகாரி உள்ள இருக்கா."

"பொம்பளைக்குக் கீழ வேலையா?"

"நீரு எங்கன வேலை பாக்கேரு? வீட்டுக்குப் போனா யாருக்குக் கீழ?"

உள்ளேயிருந்து கேட்கிற ஆவுடையம்மாள் கரண்டியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நிற்பாள். தொழில் கைவிட்டுப் போன ஆண்களை அவள் பார்த்திருக்கிறாள். கள்ளுக்கடைக்குப் போனவன் உண்டு, பெண்டாட்டி சம்பாதிக்கிறாளே என்று அவளைப் போட்டு அடித்தவன் உண்டு. இவர் காய் நறுக்குகிறார். நறுக்கிக்கொண்டே, உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்கிறமாதிரிக் கேலியும் பேசுகிறார். உலகம்மை முன்னால் நின்று இன்னும் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சும்மா கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள்.

நாற்பத்து நாலாம் வருஷம் ஆனியில் நயினார் பிள்ளையின் இளைய மகளுக்குத் தென்காசியில் கல்யாணம். பந்தி சன்னதித் தெரு வீட்டில். கல்யாணப் பந்தி முடிந்து சாயங்காலம் குற்றாலத்தில் முழுகப் போன ஆவுடையம்மாள் சாரலில் நன்றாக நனைந்துவிட்டாள். சொதி அன்றைக்குக் காலையில் எழுந்தால், தலை இரண்டு கல் கனம். தடுமம் மூக்கை அடைத்துக்கொண்டு நின்றது. பெருங்காயத்தை மோந்தாள், இல்லை. இஞ்சியை நசுக்கி மோந்தாள், இல்லை.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? அவருக்கும் இல்லாத மூக்கு. மனுஷன் வீணாகக் கிடந்து துடிப்பார். இத்தனை சொதி இறக்கியாகிவிட்டது, கண்ணைக் கட்டி விட்டாலும் இறக்கிவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆக்குப்புரை வீட்டுக் கொல்லையில். கிணற்றடியில், இருபது அடி தள்ளி, தாணுப்பிள்ளை சாயங்கால வறுவலுக்குச் சேனை நறுக்கிக்கொண்டிருந்தார். சங்கரபாண்டியின் பெண்டாட்டி முதல் பாலை ஊற்றினாள். ஆவுடையம்மாள் அண்டாவின் மேல் குனிந்தாள். சூடு முகத்தில் அடித்தது. வேறொன்றும் அடிக்கவில்லை.

"இழுத்துரவா மதினி?" என்றான் சங்கரபாண்டி.

"பொறு."

"நுரை வருதே."

"அது பருப்பு நுரைப்பா. பொறு."

சொன்னாளே தவிர நிச்சயமில்லை. வேர்வை நெற்றியிலிருந்து புருவத்தில் இறங்கியது. இப்போதா? இன்னும் கொஞ்சமா? வாய்விட்டுச் சொல்லிவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் மட்டும் இங்கே யார் மோந்து பார்த்துச் சொல்லப் போகிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, தீயை இழு!"

கிணற்றடியிலிருந்து வந்தது குரல்.

"இழுங்கேன்லா! நிக்காதிய! இழு!"

சங்கரபாண்டி யோசிப்பதற்குள் அவன் கை தீயை இழுத்துவிட்டது. விறகு சாம்பலைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. நுரை விளிம்புவரை வந்து நின்று, தணிந்தது. சொதி ஒரு சொட்டு எண்ணெய் பிரியாமல், வெள்ளைக் கல்லில் இழைத்ததுபோலக் கிடந்தது.

சங்கரபாண்டி அண்டாவைப் பார்த்தான், கிணற்றடியைப் பார்த்தான். "அண்ணாச்சிக்கு எப்படி..." என்று ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி முழங்கையால் இடித்தாள்.

தாணுப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு முன்னைவிட வேகமாக நறுக்க ஆரம்பித்திருந்தார்.

ஆவுடையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். அவர் எதிரில் போய் நின்றாள்.

"மணந்துதா?"

"காத்து இந்தப் பக்கமா அடிச்சுது."

"மணந்துதான்னு கேக்குதேன்."

"ம்."

"எப்பத்திலேருந்து?"

அவர் ஒரு துண்டு சேனையை எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன ஐப்பசிக்கு முந்துன ஐப்பசி. விடியக்காலம் எந்திரிச்சேன். மழை பெஞ்சிருந்துது. மண்ணு மணந்துது. நம்ப முடியல. பக்கத்துல நீ ஒறங்கிக்கிட்டு கிடந்த. ஒன் சேலைத் தலைப்பை எடுத்து மோந்து பாத்தேன். புகையும் இஞ்சியுமா... சரிதான், வந்துட்டுன்னு தெரிஞ்சுது."

"ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு ஆகல. இன்னும் நாலு மாசம் கிடக்கு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். இந்த இருபது மாதத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை பேர் இவரைப் பார்த்து மேலதிகாரி சௌக்கியமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு மத்தியானமே கரண்டி இவர் கைக்குப் போயிருக்கும். மனுஷனுக்குச் சுகமாகிவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்று ஊரும் சொல்லியிருக்கும். ஊர் என்ன, அவளே சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். இது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் விரல்களைப் பார்த்தாள். புளித்தண்ணீரையும் மீறித் தடித்துச் சிவந்திருந்தன. ஒரு விரலை இன்னொரு விரலால் சொறிந்துகொண்டிருந்தார்.

அவள் குத்துக்காலிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்பம் இத்தனை நாளும் வெளிய உக்காந்து, கை ஊறலெடுக்க ஊறலெடுக்க, என்னத்துக்குச் சேனை நறுக்குனிய?"